மேம்பாலம்: சேர்த்தா, பிரித்தா?

கேள்வி: அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ட்ரெமே என்று கறுப்பின மக்களின் பழைய குடியிருப்பு இருக்கிறதாமே? பெரிய மேம்பாலம் வந்தும் அந்த இடம் ஏன் முன்னேறவில்லை?
- வாசகர், கும்பகோணம்

பதில்: 'வந்தும்' என்கிறீர்கள். பஸ் வரும், குழாயில் தண்ணீர் வரும், சொல்லாமல் மச்சினன்கூட வருவான். மேம்பாலம் எங்கே ஐயா வருகிறது? தலைக்கு மேலே போகிறது.

இந்த 'மேம்பாலம்' விஷயத்தில் எனக்கும் எங்கள் மெய்ப்புத் திருத்துநருக்கும் பதினோரு வருடச் சண்டை. நான் பிரித்து எழுதுவேன், அவர் சேர்த்துவிடுவார். 'மேம்' தனியாக நின்றால் டீச்சரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதாம். இலக்கணம் அவர் பக்கம்தான். ஆனால் அந்த இடைவெளி எனக்கு வேண்டும். அதில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.

சரி, ட்ரெமே. அதன் கடைத்தெரு கிளைபோர்ன் அவென்யூ. சாலை நடுவே வரிசையாக ஓக் மரங்கள். மார்டி கிரா திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாக அந்த நிழலில்தான் சாப்பாட்டை விரிப்பார்கள். 1966-ல் மரங்களை வெட்டி, மேலே ஐ-10 நெடுஞ்சாலையைத் தூக்கி நிறுத்தினார்கள். கடைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. அதே ஊரில், பிரெஞ்சு குவார்ட்டர் என்ற பழைய பகுதியை ஒட்டி ஆற்றங்கரையிலும் ஓர் உயர்மட்டச் சாலை போட இருந்தார்கள். பழமை கெட்டுவிடும் என்று செல்வாக்குள்ளவர்கள் எதிர்க்க, 1969-ல் மத்திய போக்குவரத்து அமைச்சர் அதை ரத்து செய்தார். ட்ரெமேயும் பழசுதான். சொல்ல ஆளில்லை.

பிற்பாடு பாலத்தின் தூண்களில் ஓக் மரம் வரைந்திருக்கிறார்கள். வரைந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நினைவுக்காகச் செய்தது. ஆனால் எந்த ஊர் நகராட்சிக்கும் பிடித்த மரம் அதுதான்: தண்ணீர் கேட்காது, குப்பை கொட்டாது, கரண்ட் கம்பியில் உரசாது.

2005-ல் கத்ரீனா புயல். அப்புறம் வெளியாட்கள் வீடு வாங்கினார்கள், வாடகை ஏறியது. ட்ரெமேயின் புகழே பித்தளை வாத்தியத்தால் வந்த புகழ். அங்கே 2007-ல் செத்துப்போன சக கலைஞருக்காகத் தெருவில் வாசித்துப் போனவர்களில் இருவரைப் போலீஸ் பிடித்தது. அனுமதியில்லாத ஊர்வலமாம். தலைக்கு மேலே இரவும் பகலும் லாரி ஓடுகிறதே, அதன் சத்தத்துக்கு அனுமதி உண்டு.

இப்போது பாலத்தையே இடித்துவிடலாம் என்கிறார்கள். இடித்தால் வாடகை இன்னும் ஏறும் என்று கீழே இருப்பவர்களில் பலருக்குப் பயம்.

இந்தப் பதிலில் 'மேம் பாலம்' என்று மூன்று இடத்தில் பிரித்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். அச்சில் எத்தனை தப்பியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.