தரை தட்டும் அகல மரக் கேட்: கேள்வி பதில்

பாளையங்கோட்டைப் பக்கம் தச்சு வேலை செய்கிறேன். தொங்கிப்போன மரக் கேட் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர்: அண்ணாச்சி, களத்துக்குப் போட்ட 10 அடி கேட், பூட்டுப் பக்கம் இறங்கி மண்ணை உழுகிறது. மூலைச் சட்டம் அடித்தும் நிற்கவில்லை.

தம்பி, அந்தச் சட்டம் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போகிறது என்று பாருங்கள். மரச் சட்டம் கீழ்க் கீல் பக்கம் ஊன்றி, பூட்டுப் பக்கத்து மேல் மூலையைத் தாங்க வேண்டும். மரம் அழுத்தத்துக்கு நிற்கும். மாற்றி அடித்தால் இழுவை முழுவதும் ஆணி மேல் விழும், ஆணி கழன்று வந்துவிடும். நல்ல வேங்கையில் செய்த கேட்டில்கூட இப்படித் தலைகீழாக அடித்திருப்பதைப் பார்க்கிறேன், மனசு கேட்பதில்லை. கம்பிக்கு இது நேர் எதிர். மேல் கீல் பக்கத்திலிருந்து பூட்டுப் பக்கத்துக் கீழ் மூலைக்குப் போட்டு, நடுவில் டர்ன்பக்கிள் (திருகினால் கம்பியை இறுக்கும் இரும்புக் கருவி) வைத்து முறுக்க வேண்டும்.

எதைப் போட்டாலும் முதலில் பூட்டுப் பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு வந்த பிறகு சட்டத்தை அளந்து வெட்டுங்கள்.

உங்கள் கேட் 4 அடி உயரம்தான் என்றால் இன்னொரு சங்கடம் உண்டு. 10 அடிக்குப் போகும் சட்டம் ரொம்பப் படுத்துவிடும், தாங்கும் பலம் குறையும். கேட்டில் கீல் பக்கம் நேராக நிற்கும் சட்டத்தை இன்னும் 2 அடி உயர்த்தி, அதன் உச்சியிலிருந்து கம்பி இழுங்கள். புதிதாகச் செய்வதானால் 5 அடியில் இரட்டைக் கதவாகப் போடச் சொல்வேன்.

பேட்டையிலிருந்து ஒரு தங்கச்சி: மேல் கீல் மட்டும் திரும்பத் திரும்பக் கழல்கிறதே, ஏன்?

பாரம் மேல் கீலை வெளியே இழுக்கிறது, கீழ்க் கீலை உள்ளே தள்ளுகிறது. 60 கிலோ கேட், 10 அடி அகலம், கீல்களுக்கு நடுவே 3 அடி என்று வையுங்கள். மேல் கீலில் இழுவை சுமார் 100 கிலோ. அதே கீல்களை 4 அடி தள்ளி வைத்தால் 75 கிலோதான். அதனால் கீல்களை முடிந்தவரை தள்ளி வையுங்கள். திருகாணி வேண்டாம், மரத்தைத் துளைத்துப் பின்பக்கம் வாஷர் வைத்து முடுக்கும் போல்ட் போடுங்கள். கீலும் நீளப் பட்டைக் கீலாக இருக்கட்டும்.

சங்கரன்கோவிலிலிருந்து: கேட் நன்றாகத்தான் இருக்கிறது. தூணே சாய்கிறது, எங்களுக்குக் கரிசல் மண்.

அப்படியானால் கேட்டில் கை வைக்க வேண்டாம். கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும், தூணையும் சேர்த்து ஆட்டும். தூக்குக்குண்டு விட்டுச் சாய்வைப் பாருங்கள். தூணின் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இருக்க வேண்டும், கரிசலில் வெடிப்பு இறங்கும் ஆழத்தையும் தாண்டிப் போக வேண்டும். இரண்டு தூணின் அடியையும் தரைக்குள் கம்பி வைத்த கான்கிரீட் பீமால் இணைத்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். 7 நாளாவது தண்ணீர் விட்டு ஆறவிட்ட பிறகே கேட்டை மாட்டுங்கள். அவசரப்பட்டால் செய்ததெல்லாம் வீண்.

இன்னொருவர்: கல்தூணில் கீல் கொக்கி ஆடுகிறது. துளை பெரிதாகிவிட்டது.

மறுபடி துளைக்காதீர்கள், கல் பிளக்கும். தூணைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு போல்ட்டில் இறுக்கி, கொக்கியை அந்தப் பட்டையில் வெல்டு வையுங்கள்.

ஐப்பசி மழையில் கேட் உப்பிப் பூட்டுப் பக்கம் இடிக்கிறது. சீவலாமா?

இப்போது வேண்டாம். தை பிறந்து மரம் காய்ந்த பிறகும் இடித்தால் சீவலாம். சீவிய இடத்துக்கும், முக்கியமாகச் சட்டங்களின் வெட்டு முனைக்கும், பெயிண்ட் அடியுங்கள். தண்ணீர் அதிகம் ஏறுவது அந்த முனை வழியாகத்தான்.

பூட்டுப் பக்கம் சக்கரம் வைத்தால் போதாதா?

சிமென்ட் தளம் மட்டமாக இருந்தால் வையுங்கள். மண் தரையில் சக்கரம் புதைந்து, கேட்டையே முறுக்கிவிடும்.