ஃபெர்னெட்டும் காலக்கெடுவும்: ரஸ்ட் கேள்வி பதில்

குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு திறக்கக் கூடாத தகவலை ரஸ்ட் நிரல்மொழியில் எப்படிப் பூட்டுவது என்று மதுரைப் பக்கத்து நண்பர்கள் கேட்டிருந்தார்கள். தகவலைச் சாவியால் பூட்டித் திறக்க உதவும் ஃபெர்னெட் கிரேட்டை (கிரேட் என்றால் ரஸ்டில் எடுத்துப் பயன்படுத்தும் கோடு தொகுப்பு) வைத்துப் பதில் சொல்கிறேன்.

மாட்டுத்தாவணி: அண்ணே, பூ கமிஷன் கடைக்கு ஆப் எழுதுகிறேன். மல்லி கொண்டுவரும் விவசாயிக்கு அனுப்பும் பில் லிங்க் 24 மணி நேரம்தான் திறக்க வேண்டும். என்க்ரிப்ட் பண்ணும்போது கெடுவை எங்கே கொடுப்பது?

அங்கே கொடுக்க இடமே இல்லை தம்பி. டோக்கனில் (பூட்டியதும் கிடைக்கும் எழுத்துத் தொடர்) பதிவாவது அது உருவான நேரம் மட்டும்தான். கெடுவைத் திறக்கும்போது சொல்ல வேண்டும்: டிக்ரிப்ட் வித் டிடிஎல் (டிடிஎல் என்றால் டோக்கன் செல்லும் கால அளவு) ஃபங்ஷனுக்கு டோக்கனோடு 86,400 விநாடி என்று கொடுங்கள். பக்கத்திலேயே கெடு பார்க்காத சாதா டிக்ரிப்ட்டும் இருக்கிறது. உங்கள் கோடில் ஒரே ஓர் இடத்தில் அதைக் கூப்பிட்டுவிட்டாலும் போன வருடத்துப் பில் திறந்துகொள்ளும். அதனால் ஃபெர்னெட்டை நீங்களே வரையறுக்கும் ஸ்ட்ரக்ட் என்ற டேட்டா வகைக்குள் மறைத்து, கெடு பார்க்கும் மெத்தடை மட்டும் வெளியே விடுங்கள். முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

திருமங்கலம்: எல்லா டோக்கனும் ஒரே எழுத்துகளில் தொடங்குகிறதே, சாவியில் கோளாறா?

கோளாறு இல்லை. முதல் பைட் பதிப்பு எண். அடுத்த 8 பைட் நேரம். அதன் முன்பகுதி இப்போதைக்குப் பூஜ்யம்தான். ஆனால் நல்ல இடத்தைப் பிடித்தீர்கள்: அந்த நேரம் மறைக்கப்படுவதில்லை. டோக்கன் எழுதப்படும் பேஸ்64 எழுத்து வடிவத்தைப் பிரிக்கத் தெரிந்த யாரும் டோக்கன் எப்போது உருவானது என்று படித்துவிடலாம். திருத்தத்தான் முடியாது; சாவியை வைத்துப் போடப்படும் ஹெச்மேக் கையொப்பம் நேரத்தையும் சேர்த்தே காக்கிறது.

மேலூர்: விண்டோஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற என்க்ரிப்ஷன் லைப்ரரியைக் கேட்டு பில்ட் நின்றுவிடுகிறது.

டிஃபால்ட் ஃபீச்சர்களை அணைத்துவிட்டு அதற்குப் பதிலாக ரஸ்டிலேயே எழுதிய ரஸ்ட்கிரிப்டோ ஃபீச்சரைப் போடுங்கள், சரியாகிவிடும்.

உசிலம்பட்டி: கெடு முடிந்ததா, யாராவது திருத்தினார்களா என்று பிழையிலிருந்து தெரியவில்லையே?

இரண்டுக்கும் ஒரே பிழைதான் வரும். "கெடு முடிந்தது" என்று பயனருக்குக் காட்ட வேண்டுமானால், அந்தப் பிழை வந்த பிறகு சாதா டிக்ரிப்ட்டை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். அது திறந்தால் கெடுதான் காரணம். கிடைத்த தகவலை அங்கேயே தூக்கி எறிந்துவிடுங்கள், வேறு எதற்கும் தொடாதீர்கள். மேலே சொன்ன ஸ்ட்ரக்ட்டுக்குள்ளேயே இது நடக்கட்டும்.

டவுன்ஹால் ரோடு: சார், சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் லாட்ஜில் தங்குபவர்களின் ஆதார் படம் ஒரு வாரத்தில் அழிய வேண்டும். டிடிஎல் போதுமா?

போதாதும்மா. டிடிஎல் எதையும் அழிப்பதில்லை. தேதி முடிந்த மருந்து கடை அலமாரியிலேயே இருப்பது போல, டோக்கன் உங்கள் டேட்டாபேஸில் அப்படியே இருக்கும். சாவி உள்ளவர் கெடு கேட்காமல் என்றைக்கும் திறக்கலாம். மக்கள் நம்பிக் கொடுத்த அடையாள அட்டை இது, அரைகுறையாக விடக் கூடாது.

நாளுக்கு ஒரு புதுச் சாவி உருவாக்குங்கள். அன்று வந்த படங்களை அதில் மட்டும் பூட்டுங்கள். எட்டாம் நாள் டோக்கன்களோடு சாவியையும் அழியுங்கள். பழைய பேக்கப்பில் டோக்கன் மிஞ்சியிருந்தாலும் திறக்க வழி இருக்காது. இது பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. அந்த பேக்கப்பில் சாவி இருக்கவே கூடாது. இப்போது சாவி எந்த ஃபைலில் இருக்கிறது, அந்த ஃபைல் எங்கெல்லாம் காப்பியாகிறது என்று முதலில் பாருங்கள்.