இரவு மூன்று மணிக்கு முன் தூக்கம் வராத மாணவருக்கு

கேள்வி: விடுதியில் தங்கிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரவு 3 மணிக்குத்தான் தூங்குகிறேன், வகுப்புக்காக 7.30க்கு எழுகிறேன். விடுமுறை நாளில் 3.30க்குப் படுத்து மதியம் 12 வரை தூங்குவேன். வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். இரவில் விழிப்பவர்களுக்கு மனச்சோர்வு வரும் என்று படித்தது பயமாக இருக்கிறது.

பதில்: இது சோம்பல் இல்லை. பதின்வயதில் தள்ளிப்போகத் தொடங்கும் உடல் கடிகாரம் 20 வயதையொட்டித்தான் மிகவும் தாமதமாக ஓடும். பிறகு மெல்ல முன்னுக்கு வரும். பின்தூங்குபவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் கூடுதல் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியது உண்மைதான். ஆனால் மனச்சோர்வே தூக்கத்தைத் தள்ளிப்போடவும் செய்யும். குறைந்த தூக்கத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

உங்கள் கணக்கைப் பாருங்கள். வகுப்பு நாளில் தூக்கத்தின் நடுப்புள்ளி 5.15, விடுமுறையில் 7.45. இந்த இரண்டரை மணி நேர இடைவெளிக்கு சோஷியல் ஜெட்லாக் என்று பெயர். வாராவாரம், நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கிய மாஸ்கோ போய்த் திரும்பும் உடம்பு மாதிரிதான் உங்களுடையது. போதாததற்கு வகுப்பு நாளில் தூக்கம் நாலரை மணி நேரம்தான். முதலில் சரிசெய்ய வேண்டியவை இவை இரண்டும்.

பலரும் செய்யும் தவறு, ஒரே நாளில் 5 மணிக்கு எழுந்து வெளிச்சத்தில் நிற்பது. உடல் வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்கும் நேரம், இயல்பாக விழிக்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி முன்னால் வரும்; உங்களுக்கு அது காலை 10 மணி வாக்கில். அதற்கு முன் படும் வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் பின்னால் தள்ளும். அதற்குப் பிறகு படும் வெளிச்சம்தான் முன்னுக்கு இழுக்கும். ஆகவே செமஸ்டர் விடுமுறையில் தொடங்குங்கள். முதலில் 10.30க்கு அலாரம். எழுந்ததும் அரை மணி நேரம் வெட்டவெளியில் நடங்கள். அறை விளக்கு இதற்குப் போதாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை மணி முன்னால் நகர்த்தினால், இரண்டு வாரத்தில் 7 மணிக்கு வந்துவிடலாம். ஞாயிறன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினால் இழுத்ததெல்லாம் நழுவிவிடும்.

மதியம் 2க்குப் பிறகு காபி, டீ வேண்டாம். மாலை 6 மணி டீயின் காஃபினில் பாதி இரவு 11க்கும் ரத்தத்தில் இருக்கும். 10 மணிக்கு மேல் ட்யூப்லைட்டை அணைத்து, சின்ன விளக்கில் படியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சில நாட்கள் மிகக் குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லாமல் பரபரப்பாக இருந்திருந்தால், அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம், மருந்தே மாறும். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றைக்கே, எந்த நேரமானாலும், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.