ஏற்காட்டு வாத்தியார்கிட்ட கேளுங்க: காசு, சொத்து, காணிக்கை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சொன்ன மாதிரியே இன்னைக்கு சாயங்காலம் பூரா காசு பணம் சொத்து பத்தி பைபிளும் சபை சரித்திரமும் என்ன சொல்லுதுனு கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். நான் பாஸ்டர் இல்ல, திருச்சபை வரலாறு பாடம் எடுத்த வாத்தியார், ரிட்டயர்ட் ஆகி ஏற்காட்டுல ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருக்கேன். சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை ஆளுதான், ஆனா ஆர்சி (ரோமன் கத்தோலிக்கர்), பெந்தெகொஸ்தே, எதையும் நம்பாதவங்க, யார் வேணா கேக்கலாம். ரெண்டே கண்டிஷன். எந்த பாஸ்டர் பேரும் இங்க வரக்கூடாது. கடன் வாங்கி காணிக்கை போட்டுட்டு வந்து என்கிட்ட வசனம் கேக்கக்கூடாது.

அஸ்தம்பட்டி சிஸ்டர்: சார், ஊசியின் காதுனு எருசலேம்ல ஒரு குட்டி வாசல் இருந்துச்சாமே, ஒட்டகம் சுமையை இறக்கிட்டு முட்டி போட்டா உள்ள போயிடுமாம். எங்க சர்ச்சுல படமே போட்டு காட்டுனாங்க. நிஜமா?

பதில்: இல்லம்மா. இயேசு காலத்துல அப்படி ஒரு வாசல் இருந்ததுக்கு ஆதாரம் எதுவும் கிடையாது, பல நூற்றாண்டு கழிச்சு எழுதின விளக்கவுரைகள்லதான் அந்தக் கதை தலைகாட்டுது. வசதியானவங்களுக்கு ஆறுதலா இருக்கறதால இன்னும் ஓடிட்டிருக்கு. மாற்கு 10ஐ முழுசா படிச்சுப் பாருங்க. ஒட்டகம்னு சொன்ன உடனே சீஷர்கள் ஆடிப்போயி அப்போ யார்தான் ரட்சிக்கப்பட முடியும்னு கேக்கறாங்க. முட்டி போட்டா போயிடலாம்னா அவங்க எதுக்கு ஆடிப்போகணும்? மனுஷரால கூடாது, தேவனால கூடும்னுதான் இயேசு பதில் சொல்றார், முட்டி போடச் சொல்லல.

அதுக்காக கிறிஸ்தவன் எதையுமே வச்சுக்கக் கூடாதுன்னும் இல்ல. லூக்கா 18ல பணக்காரத் தலைவன் துக்கமா திரும்பிப் போறான், அடுத்த அதிகாரத்துலயே பணக்கார வரி வசூல்காரன் சகேயு வர்றான், அவன்கிட்ட எல்லாத்தையும் வித்துடுனு இயேசு சொல்லல. ஏரோதோட காரியக்காரன் கூசாவோட சம்சாரம் யோவன்னாள் தன் ஆஸ்தியில இருந்துதான் ஊழியத்துக்கு செலவு பண்ணாங்க, இயேசுவை வச்ச கல்லறையே அரிமத்தியா யோசேப்புங்கற பணக்காரரோடது. ஆனா இதைப் படிச்சுட்டு அப்பாடானு சாஞ்சுடாதீங்க. சகேயு பாதிய ஏழைகளுக்கு குடுத்து, ஏமாத்துனதுக்கு நாலு மடங்கு திருப்பிட்டு, கைல என்ன மிஞ்சியிருக்கும்னு நீங்களே ஒரு பேப்பர்ல கணக்கு போட்டுப் பாருங்க.

ஓமலூர் பிரதர்: தசமபாகம் கிராஸ் சம்பளத்துலயா, பிஎஃப் எல்லாம் பிடிச்ச பிறகு கைக்கு வர்றதுலயா?

பதில்: இந்தக் கேள்வி வரும்னு தெரியும். பழைய ஏற்பாட்டுல தசமபாகம்னா தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடு மாடு. உபாகமம் 14ஐ எடுத்துப் படிங்க, அந்தப் பத்துல ஒண்ண தேவன் சொன்ன இடத்துக்கு கொண்டு போயி குடும்பத்தோட சந்தோஷமா சாப்பிடுங்கனுதான் இருக்கு, மூணு வருஷத்துக்கு ஒருக்கா மட்டும் ஊர்லயே சேத்து வச்சு லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை இவங்க சாப்பிட்டு திருப்தியாகணும். இதை எந்த ஸ்டேஜ்லயாவது கேட்டிருக்கீங்களா? ஐரோப்பாவுல 585ல மாக்கோன் சங்கம், அதாவது ஆயர்கள் கூடின சபைக் கூட்டம், இதை கட்டாயம்னு வச்சது, 779ல பிராங்க் ராஜா சார்லமேன் அரசாங்க சட்டமாவே ஆக்கினார், வரி மாதிரி ஆனது அப்படித்தான். புதிய ஏற்பாட்டுல பவுல் சபைகளுக்கு வசூல் பத்தி ரெண்டு அதிகாரம் எழுதறார், 2 கொரிந்தியர் 8ம் 9ம், அதுல பத்து சதவீதம்ங்கற பேச்சே இல்ல. விசனமாவும் வேண்டாம், கட்டாயமாவும் வேண்டாம், மனசுல நியமிச்சபடி குடுனு சொல்றார்.

தசமபாகம் கொண்டு வந்தா வானத்தின் பலகணிகளைத் திறப்பேன்னு வர்ற மல்கியா 3:10ஐ போஸ்டர் அடிக்கறவங்க அஞ்சு வசனம் மேல போறதே இல்ல. 3:5ல தேவன் யார் மேல கோபமா இருக்கார்? கூலிக்காரன் கூலியை அபகரிக்கறவன் மேல. எந்த வசனத்தையும் முன்ன பின்ன பத்து வசனம் சேத்துப் படிங்க, இதை நான் இன்னைக்கு இன்னும் நாலு தடவை சொல்லுவேன்.

ஏற்காடு, பெயர் வேண்டாம்: தாத்தா காலத்து காப்பி எஸ்டேட் இருக்கு சார், மிளகும் இருக்கு. சொத்து வச்சிருக்கறதே ஒரு உறுத்தலா இருக்கு. வித்துடலாமா?

பதில்: வித்தா ரிசார்ட்காரன் வாங்குவான், உங்க உறுத்தல் தீருமானு தெரியல. பேதுரு அனனியாகிட்ட அப்போஸ்தலர் 5:4ல என்ன கேக்கறார்? விக்கறதுக்கு முன்னாடி அது உன்னுடையதா இருந்துச்சு, வித்த பிறகும் பணம் உன் கைலதான இருந்துச்சு. நிலம் வச்சிருந்தது அங்க குத்தம் இல்ல, பாதிய ஒளிச்சுட்டு முழுசும் குடுத்துட்டேன்னு காட்டிக்கிட்டதுதான் குத்தம். உங்களுக்கான அதிகாரம் யாக்கோபு 5. வயலை அறுத்தவங்க கூலியை பிடிச்சு வச்சா அந்தக் கூலியே கூக்குரல் போடுதுனு எழுதியிருக்கார். காப்பிப் பழ சீசன்ல சாயங்காலம் எடை போடற இடத்துல போய் நில்லுங்க. மூட்டைக்கு, இலைக்கு, பச்சைக் காய்க்குனு எவ்வளவு கழிக்கறாங்க, தராசு முள்ளு நடுவுல நின்னா மேஸ்திரி அதை எந்தப் பக்கம் எழுதறான், அந்தப் பொம்பளைங்க முகம் எப்படி இருக்குனு பாருங்க. லேவியராகமம் 19ல ஒரே அதிகாரத்துல மூணும் இருக்கு: கூலிக்காரன் கூலி விடியற வரைக்கும் உன்கிட்ட இருக்கக் கூடாது, தராசு சுமுத்திரையா இருக்கணும், தோட்டத்துல சிந்தினதை எளியவனுக்கு விட்டுடணும். இதை ஒழுங்கு பண்ணிட்டு அப்புறமும் உறுத்துச்சுனா எழுதுங்க, பேசலாம்.

சிவதாபுரம் தம்பி: அண்ணா நான் கொலுசுப் பட்டறை வேலை. புதுசா போற சபைல நகை போடறதே பாவம்கறாங்க. அப்போ நான் செய்யற தொழிலே பாவமா?

பதில்: யாத்திராகமம் 35ல பெசலெயேல்னு ஒருத்தர், பொன் வெள்ளி வேலை செய்யறதுக்குனே தேவ ஆவியால நிரப்பப்பட்டவர். உலையைப் பத்த வைங்க தம்பி, வேலையப் பாருங்க.

ஆத்தூர் பிரதர்: தசமபாகம் கிராஸா நெட்டா?

பதில்: மேல இருக்கு.

செவ்வாய்பேட்டை அண்ணன்: நான் டெய்லி பைனான்ஸ் பண்றேங்க. மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. மத்தேயு 25:27ல தாலந்து கதைல எஜமானே, என் பணத்தைக் காசுக்காரர் வசம் போட்டிருந்தா வட்டியோட வாங்கியிருப்பேனேனு சொல்றாரே. அப்புறம் என்ன?

பதில்: அது உவமைங்க. அந்த எஜமான் விதைக்காத இடத்துல அறுக்கறவன்னு அந்த ஊழியக்காரனே சொல்றான். உவமைல வர்றதெல்லாம் சட்டம்னா லூக்கா 16ல கணக்குப் புத்தகத்தை மாத்தி எழுதின உக்கிராணக்காரனைப் பாத்து நாளைக்கு உங்க கணக்குப்பிள்ளையும் அப்படியே செய்யலாம், சும்மா விடுவீங்களா? சட்டம் எங்க இருக்குனா யாத்திராகமம் 22:25, ஏழைக்கு கடன் குடுத்தா வட்டி வாங்காதே. 325ல நிசேயா சங்கம், ஆமா விசுவாசப் பிரமாணம் எழுதின அதே சங்கம்தான், வட்டிக்கு விடற குருமார்களை பதவியில இருந்து எடுக்கச் சொல்லி 17வது விதி போட்டுச்சு. 1179ல மூணாவது லாத்தரன் சங்கம் வட்டித் தொழில் பண்றவனுக்கு நற்கருணையும் இல்ல, கிறிஸ்தவ அடக்கமும் இல்லனு சொல்லிடுச்சு.

செவ்வாய்பேட்டை அண்ணன்: அதெல்லாம் அந்தக் காலம். இன்னைக்கு உங்க சபையே எஃப்டி போட்டு வட்டி வாங்குதே.

பதில்: நியாயமான அடி. 16ம் நூற்றாண்டு சீர்திருத்தவாதி கால்வின் இந்த இடத்துலதான் பிரிச்சார். வியாபாரம் பண்ணி லாபம் பாக்கறவனுக்கு குடுக்கற கடன் வேற, சோத்துக்கு இல்லாம வந்து நிக்கறவனுக்கு குடுக்கறது வேற, முதல்ல சொன்னதுக்கு அளவான வட்டி வாங்கலாம், ரெண்டாவதுக்கு கூடாதுன்னார். பேங்க் எஃப்டி முதல் வகை. உங்க தண்டல் எந்த வகைனு நீங்கதான் சொல்லணும்.

குகை அக்கா: நான் சொல்றேன் சார். பத்தாயிரம் கேட்டா ஆயிரத்து ஐநூறை முன்னாடியே எடுத்துக்கிட்டு எட்டாயிரத்து ஐநூறுதான் கைல குடுப்பாங்க. தினம் நூறு ரூபா, நூறு நாள். ஒரு நாள் தறி ஓடலைனா வாசல்ல வண்டி வந்து நிக்கும்.

செவ்வாய்பேட்டை அண்ணன்: அக்கா உங்களுக்கு பேங்க்ல யார் குடுப்பா? பத்து பேப்பர் கேப்பான், ஜாமீன் கேப்பான், மூணு மாசம் அலைய விடுவான். நாங்க பத்து நிமிஷத்துல குடுக்கறோம். அதுல ஓடிப்போறவனும் இருக்கான், அந்த நஷ்டம் யார் தலைல?

பதில்: ரெண்டு பேரும் சொல்றது உண்மைதான், அதனாலதான் இது பழைய சண்டை. அக்கா சொன்ன கணக்குல பாதி நாளுக்கு பாதிப் பணம் திரும்பி வந்துடுது, அப்படிப் பாத்தா வருஷ வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். அண்ணன் கேட்ட கேள்வியும் இத்தாலில ஒருத்தர் விடாம கேட்டதுதான். 1462ல பெருஜியா நகரத்துல பிரான்சிஸ்கன் சாமியார்கள் முன்ன நின்னு ஏழைகளுக்குனு ஒரு அடகுக்கடை ஆரம்பிச்சாங்க. கடை வாடகை, ஆள் சம்பளம் அளவுக்கு மட்டும் கொஞ்சம் வட்டி. அதுக்கே மத்த சாமியார்கள் இதுவும் வட்டிதான், பாவம்தான்னு சண்டைக்கு வந்தாங்க. 1515ல அஞ்சாவது லாத்தரன் சங்கம் கூடி, செலவுக்கு வாங்கற வட்டி தப்பில்லனு தீர்த்துச்சு. இப்போ அண்ணன்கிட்ட கேக்கறேன், வசூல் பையன் சம்பளம், பெட்ரோல், ஓடிப்போனவன் நஷ்டம் எல்லாம் எடுத்தாச்சுனா அந்த ஆயிரத்து ஐநூறுல மீதி எவ்வளவு?

செவ்வாய்பேட்டை அண்ணன்: அதை இங்க சொல்ல முடியாதுங்க.

குகை அக்கா: ஏடிஎம் கார்டை வாங்கி வச்சுக்கறதையும் கேளுங்க சார்.

பதில்: உபாகமம் 24:6, மாவரைக்கற ஏந்திரக்கல்லை அடகு வாங்காதே, அது ஜீவனை அடகு வாங்கற மாதிரி. அதே அதிகாரத்துல ஏழையோட போர்வையை அடகு வாங்கினா பொழுது சாயறதுக்குள்ள திருப்பிக் குடு, அவன் அதைப் போத்திட்டுத்தான் தூங்கணும்னும் இருக்கு. சம்பளம் விழற கார்டு, தறி, பட்டறை மிஷின் எல்லாம் அந்தக் கல்லுதான். நெகேமியா 5ம் படிங்க, பஞ்சத்துக்கு தானியம் வாங்கவும் ராஜாவுக்கு வரி கட்டவும் நிலத்தை அடகு வச்ச சனங்க கூப்பாடு போடறாங்க, நெகேமியா கடன் குடுத்தவங்களைக் கூட்டி நிக்க வச்சு, வயலையும் வட்டியையும் இன்னைக்கே திருப்பிக் குடுங்கன்னார். கந்துவட்டிக்கு நம்ம ஊர்ல 2003 சட்டமும் இருக்கு, மிரட்டினா போலீஸ்ல புகார் குடுக்கலாம், அதுக்கு வசனம் தேவையில்ல. அண்ணா, கோவிச்சுக்காதீங்க, தைரியமா கேட்டதே நீங்க ஒருத்தர்தான்.

செவ்வாய்பேட்டை அண்ணன்: கோவம் எல்லாம் இல்லீங்க. ஆனா சபை கட்டடத்துக்கு நான் குடுத்த காசை யாரும் வேண்டாம்னு சொல்லல.

பதில்: அதை உங்க சபைல கேளுங்க, சத்தமா கேளுங்க.

அரிசிப்பாளையம் தங்கச்சி: அங்கிள் நான் ஆர்சி. சாமியார்கள் வறுமை வாக்கு குடுக்கறாங்கல்ல, அப்புறம் எப்படி கார் வச்சிருக்காங்க?

பதில்: துறவற சபைக்காரங்கதான் வறுமை வாக்கு குடுப்பாங்கமா, மறைமாவட்ட குருக்களுக்கு அந்த வாக்கு கிடையாது, எளிமையா இருங்கனுதான் சபைச் சட்டம் சொல்லுது. இதுக்கு பின்னாடி எனக்குப் பிடிச்ச ஒரு சண்டை இருக்கு. அசிசி பிரான்சிஸ் 1226ல இறந்த பிறகு அவர் சபைக்குள்ளயே கோதா. கிறிஸ்துவும் அப்போஸ்தலரும் தனியாவும் சேர்ந்தும் எதையுமே சொந்தமா வச்சிருக்கல, நாங்களும் அப்படித்தான்னு பிரான்சிஸ்கன்கள் சொன்னாங்க. சரி, அப்போ நீங்க சாப்பிடற ரொட்டி யாரோடது? போப்போடது, நாங்க சும்மா உபயோகிக்கறோம்! 22ம் ஜான் போப் வக்கீல் புத்தி உள்ளவர், தின்னு தீர்த்துட்ட ரொட்டிக்கு நான் எப்படிய்யா ஓனர்னு கேட்டு, 1323ல அந்தக் கருத்தையே பேதகம், அதாவது சபை நம்பிக்கைக்கு விரோதம்னு அறிவிச்சுட்டார். பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் மிக்கேலும் தத்துவ அறிஞர் ஒக்காம் வில்லியமும் 1328ல, அப்போ போப் இருந்த அவிஞ்ஞோன்ல இருந்து ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போனாங்க. யோவான் 13:29ல யூதாஸ்கிட்ட பணப்பை இருந்துச்சுங்கறதுதான் போப் தரப்போட முக்கிய வாதம். அதனால கார் கேள்வி சின்னதுமா, 700 வருஷமா ஓடுது.

ஜங்ஷன் பிரதர்: கிராஸா நெட்டா சார்? மேல ஏதோ இருக்குங்கறாங்க, கண்டுபிடிக்க முடியல.

பதில்: விரலால மேல தள்ளுங்க.

மேட்டூர் சிஸ்டர்: ஆயிரம் ரூபா விதைச்சா நூறு மடங்குனு டிவில சொல்றாங்க. நகையை வச்சு அனுப்பலாம்னு இருக்கேன்.

பதில்: வேண்டாம்மா. வேண்டவே வேண்டாம். அவங்க காட்டற மாற்கு 10:30ல நூறு மடங்குங்கறதோட கூடவே துன்பங்களும்னு இருக்கு, அதை டிவில முழுங்கிடறாங்க. கொடுத்தா பெருகும்னு அவ்வளவு உறுதியா இருக்கறவங்க முதல்ல உங்களுக்கு ஆயிரம் அனுப்பி ஆரம்பிக்கட்டுமே. நகையை பீரோல வைங்க.

சூரமங்கலம் பிரதர்: ஒரு வீடு இருக்கு. ரெண்டாவதா ஒரு மனை, பொண்ணு கல்யாணத்துக்குனு. இது லூக்கா 12ல களஞ்சியத்தை இடிச்சுப் பெருசா கட்ட நினைச்ச முட்டாளா?

பதில்: அந்த ஆளு பேசறதைப் பாருங்க, என் களஞ்சியம், என் தானியம், என் ஆத்துமா, வேற மனுஷனே அந்தக் கதைல இல்ல. 369 வாக்குல, இன்னைக்கு துருக்கில இருக்கற கப்பத்தோக்கியாவுல பஞ்சம் வந்தப்போ பசிலியார் இந்தப் பகுதியத்தான் பிரசங்கம் பண்ணார், நீ வச்சிருக்கற ரொட்டி பசிச்சவனோடது, பெட்டில இருக்கற துணி, துணி இல்லாதவனோடதுனு. பேசினதோட விடல, குதிர்களைத் திறக்க வச்சு கஞ்சி ஊத்தவும் செஞ்சார். பொண்ணுக்கு மனை வாங்குங்க. அந்த மனைக்கு பக்கத்துல யார் பசியோட இருக்காங்கனு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. கடன் வாங்கி வாங்காதீங்க.

வாழப்பாடி பிரதர்: காணிக்கைக்கு வருமான வரி 80ஜில எவ்வளவு கழிவு?

பதில்: ஆடிட்டர்.

பெயர் இல்லை: லாட்டரில பணம் விழுந்தா அதுக்கு தசமபாகம் உண்டா?

பதில்: தமிழ்நாட்டுல 2003லயே லாட்டரிக்கு தடை. சீட்டு எங்க வாங்கினீங்கனு முதல்ல சொல்லுங்க. கிராஸா நெட்டானு மட்டும் கேட்டுடாதீங்க.