120 மணி நேர ஆங்கிலச் சான்றிதழ்: பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி

கேள்வி: மன்னார்குடி அருகே அரசு உதவி பெறும் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வகுப்புக்கு 45 பிள்ளைகள். புதிய கற்பித்தல் முறைகளைக் கற்க ஆசை. கும்பகோணத்தில் ஒருவர், 18,000 ரூபாய் கட்டினால் 120 மணி நேர ஆன்லைன் டெஃபல் (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழ் அப்போஸ்டில் முத்திரையோடு கிடைக்கும், இன்க்ரிமென்ட்டும் வரும் என்கிறார். சேரலாமா?

பதில்: வேண்டாம்.

இன்க்ரிமென்ட் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். கூடுதல் படிப்புக்கான ஊக்க ஊதிய உயர்வைத் தமிழக அரசு 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. இருந்த காலத்திலும் பல்கலைக்கழகப் பட்டங்களுக்குத்தான் கொடுத்தார்கள், இந்த மாதிரி சான்றிதழுக்கு அல்ல. அப்போஸ்டில் என்பது வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் சீலும் உண்மையானவை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. படிப்பு தரமானதா என்று அமைச்சகம் பார்ப்பதில்லை. "கவர்ன்மென்ட் சீல் இருக்கு" என்று முகவர் சொன்னால் இதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது.

டெஃபல் என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் சான்றிதழ் தரலாம். தடுக்கப் பொதுவான அமைப்பு எதுவும் இல்லை. அதனால் முகவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நிஜ மாணவர்களுக்கு முன்னால் எத்தனை மணி நேரம் பாடம் நடத்துவேன்? அதை உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்லப்போவது யார்?" வீடியோ, மாடல் பேப்பர், வாட்ஸப் குழு என்று பேச்சு திரும்பினால் எழுந்து வந்துவிடலாம்.

கேம்பிரிட்ஜின் செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிப் படிப்பிலும் 120 மணி நேரம்தான். ஆனால் அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும், பயிற்றுநர் பார்த்து மதிப்பிடுவார். அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்பை இன்னொரு 6 மணி நேரம் நீங்கள் பார்க்க வேண்டும். நான்கு எழுத்து வேலைகளும் உண்டு. பணம் கொடுத்துப் படிப்பதென்றால் இதற்குத்தான் அர்த்தம், அதுவும் வெளிநாட்டிலோ பெரிய தனியார் மொழி மையத்திலோ வேலை தேடுகிறவருக்கு. கட்டணம் லட்சத்தைத் தாண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அது வயது வந்தவர்களுக்குக் கற்பிப்பதற்காக வகுத்த படிப்பு. பெரும்பாலும் ஒரு டஜன் பேர் உட்காரும் வகுப்பு. பெஞ்சுக்கு ஐந்து பேர் நெருக்கியடிக்கும் உங்கள் பத்தாம் வகுப்பு அதில் வராது. படித்து வந்தாலும் பாதியை நீங்களேதான் மாற்றிக்கொள்ள வேண்டும். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிற எண்ணம் இல்லாத உங்களுக்கு இந்தச் செலவும் தேவையில்லை.

நம் துறைப் பயிற்சியாவது உதவுமா என்றால், பெங்களூரில் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் 1963 முதல் இயங்குகிறது. அதன் 30 நாள் பயிற்சி நல்லது, ஆனால் துறை அனுப்பினால்தான் போக முடியும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களை ஒன்றாகக் கூட்டிப் பயிற்சி தரும் குறுவள மையக் கூட்டமோ, கேட்கவே வேண்டாம். மாநில அளவில் ஒருவர் சொன்னதை மாவட்டத்தில் ஒருவர் சொல்லி, ஒன்றியத்துக்கு வரும்போது ஸ்லைடை வாசிப்பது மட்டும்தான் மிஞ்சும். மதியம் வருகைப் பதிவு, போட்டோ, பதிவேற்றம். உங்கள் வகுப்புக்கு வந்து பார்க்க மட்டும் யாருக்கும் நேரம் இருக்காது.

அதனால் உங்கள் பள்ளியிலேயே தொடங்குங்கள். ஒரு முறையை எடுத்து ஒரு மாதம் செய்யுங்கள். டிக்டோக்ளாஸ், அதாவது காதால் கேட்ட பத்தியைப் பிள்ளைகள் கூடிப் பேசித் திரும்ப எழுதும் முறை, 45 பேருக்கும் தோதானது. பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயத்தில் 40 முதல் 50 சொற்களில் ஆங்கிலப் பத்தி ஒன்று எழுதுங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பது, தண்ணீர் கல்லணை தாண்டிக் கடைமடைக்கு வருவது போதும். இயல்பான வேகத்தில் ஒருமுறை வாசியுங்கள், அப்போது பேனா கீழே இருக்க வேண்டும். இரண்டாம் முறை முக்கியச் சொற்களை மட்டும் குறிக்கட்டும். பிறகு இருவர் இருவராக 8 நிமிடம் பத்தியைத் திரும்பக் கட்டட்டும். முன்பெஞ்சு பின்னால் திரும்பி நால்வராக ஒப்பிட 5 நிமிடம். கடைசியில் மூலப்பத்தியைப் பலகையில் எழுதி, எங்கே மாறியது என்று அவர்களையே சொல்ல வையுங்கள்.

கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: இரக்கப்பட்டுச் சொல் சொல்லாக நிறுத்தி வாசிப்போம். உடனே அது பழைய டிக்டேஷன் ஆகிவிடும், பிள்ளைகள் பேசிக்கொள்ளத் தேவையே இராது. விளக்கிவிட்டு "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்பதும் வீண். "எஸ் மிஸ்" என்று மொத்த வகுப்பும் பாடும். "முதல் தடவை எழுதணுமா, கேட்கணுமா?" என்று கேளுங்கள். புரியாதவர் அங்கேயே மாட்டுவார். சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கைபேசியை மேசையில் வைத்து 20 நிமிடம் ஒலிப்பதிவு செய்து, அதில் உங்கள் குரல் எத்தனை நிமிடம், பிள்ளைகள் குரல் எத்தனை நிமிடம் என்று கணக்கெடுங்கள். சக ஆசிரியர் ஒருவரை மாதம் ஒருமுறை பின்பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றே: கடைசி இரண்டு பெஞ்சு வாய் திறந்ததா? கோட்பாடு வேண்டுமென்றால் ஹைதராபாத்தில் ஆங்கிலத்துக்கும் அயல்மொழிகளுக்குமான இஃப்லு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பு பற்றி அவர்களிடமே நேராக விசாரியுங்கள், நடுவில் யாரும் வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள் என்றால் ரசீதோடு எழுத்தில் திரும்பக் கேளுங்கள். பி.எட்., பட்டச் சான்றிதழ்களின் அசலை "வெரிஃபிகேஷனுக்கு" வாங்கி வைத்திருந்தால், பணம் வருகிறதோ இல்லையோ, முதலில் அவற்றை வாங்கிவிடுங்கள்.