நாலு வெண்டைக்காயை வைத்துக்கொண்டு என்ன சமைப்பது?

கேள்வி: மாடியில் தொட்டி வைத்து, ரசாயன உரமோ பூச்சிக்கொல்லியோ போடாமல் காய்கறி வளர்க்கிறேன். தக்காளி, வெண்டை, கத்தரி, அவரை, கீரை எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒரு நாள் நாலு வெண்டைக்காய், மறுநாள் மூன்று தக்காளி என்றுதான் கிடைக்கிறது. ஒரு வேளைச் சமையலுக்குச் சேரட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்தால், முதலில் பறித்தது வாடிப்போகிறது. கீரையிலோ ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. "கடையில் வாங்கினால் இதைவிட மலிவு, உனக்கு ஏன் இந்தப் பாடு?" என்கிறார்கள் வீட்டில். கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி என்றுதான் படுகிறது. தொடரட்டுமா, விட்டுவிடட்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விட்டுவிடாதீர்கள். உங்கள் தோட்டத்தில் குறை ஒன்றும் இல்லை, செடிகள் காய்க்கின்றன. மாற வேண்டியது அடுப்படிப் பழக்கம்தான். கடையில் அரைக் கிலோ வாங்கி வந்து சமைக்கிற கணக்கை அப்படியே மாடிக்குக் கொண்டுபோகிறீர்கள். அரைக் கிலோ சேரக் காத்திருக்கும் அந்த நாலைந்து நாளில்தான், நீங்கள் பாடுபட்டு வளர்த்ததன் ருசி முழுக்கக் கரைந்துபோகிறது.

பறித்த பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது, தன்னிடம் உள்ள சர்க்கரையைச் செலவழிக்கிறது. இனிப்புச் சோளத்திலும் பச்சைப் பட்டாணியிலும் பறித்த சில மணி நேரத்திலேயே இனிப்பு குறையத் தொடங்கி, சர்க்கரை மாவுச்சத்தாக மாறிக்கொண்டிருக்கும். கீரையில் நீரும் வைட்டமின் சி சத்தும் நாளுக்கு நாள் குறையும். தக்காளியை ஃப்ரிட்ஜில் வைத்தால் வேறொரு நஷ்டம். ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால், அதற்கு மணம் தரும் பொருள்கள் உருவாவது மந்தமாகிவிடும். பழம் கெடாமல் இருக்கும், தக்காளி வாசனைதான் இருக்காது. நல்ல தக்காளியைச் சமையல் மேடையிலேயே விட்டுவையுங்கள். செடியிலேயே பழுத்த பழத்தை அன்றே நறுக்கி, கொஞ்சம் உப்பும் நல்ல எண்ணெயும் விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். எத்தனை பணம் கொடுத்தாலும் கடையில் அது கிடைக்காது. தொலைதூரம் போக வேண்டிய பழத்தை முழுதாகப் பழுக்கும் முன்பே பறித்துவிடுகிறார்கள்.

சரி, நாலு வெண்டைக்காயை என்ன செய்வது? ஒரு வகைக் காயை வைத்து ஒரு பதார்த்தம் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். நாலு வெண்டை, ஒரு கத்தரி, ஒரு பிடி அவரை, மூன்று தக்காளி எல்லாம் சேர்ந்தால் தாராளமாக ஒரு வாணலி நிறையும். வேக அதிக நேரம் எடுப்பதை முதலில் போட வேண்டும் என்பது மட்டுமே விதி. எண்ணெய் காய்ந்ததும் பூண்டைத் தட்டிப் போட்டு, கத்தரியும் அவரையும் பாதி வெந்த பிறகு தக்காளி சேருங்கள். எண்ணெயோடு வெந்த தக்காளியில் உள்ள லைகோபீன் சத்தை, சமைக்காத தக்காளியில் இருப்பதைவிட நம் உடல் நன்றாக எடுத்துக்கொள்ளும். வெண்டையை மட்டும் ஈரம் போகத் துடைத்து, வேறு வாணலியில் பெரிய தீயில் மூடாமல் வதக்கி, கடைசியில் கலந்துவிடுங்கள். குழகுழப்பு இருக்காது. அளவு குறைவாக இருப்பது இங்கே நன்மைதான். வாணலியை நெருக்கி அடைத்தால் காய் வதங்காது, தன் நீரிலேயே அவிந்துவிடும்.

தக்காளி சேர்த்து வைத்தே ஆக வேண்டும் என்றால் ஃப்ரீசர் இருக்கிறது. கழுவித் துடைத்து முழுசாகப் போட்டுவையுங்கள். வெளியே எடுத்து உறைநிலை விட்டதும் தோல் தானாகக் கழன்று வரும். பச்சையாகச் சாப்பிட ஆகாது, கொதிக்கும் எதற்கும் நன்றாக இருக்கும்.

வெண்டையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூ விரிந்து நாலைந்து நாளில் காய் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும். நுனியை வளைத்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் பெருக்கட்டுமே" என்று விட்டால் நார் பாய்ந்துவிடும், உள்ளே விதை முற்றத் தொடங்கும். விதை முற்றினால் செடி வந்த வேலை முடிந்ததென்று புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். அவரை, வெள்ளரிக்கும் இதே கதைதான். தினமும் பறிப்பதால்தான் தினமும் காய்க்கிறது. கீரையை வேரோடு பிடுங்காமல் வெளி இலைகளைக் காலையில், வெயில் ஏறுவதற்கு முன் கிள்ளுங்கள். நீர்ப்பிடிப்போடு மொறமொறவென்று இருக்கும், நடுக்குருத்திலிருந்து புது இலையும் வந்துகொண்டே இருக்கும்.

இடம் குறைவாக இருக்கும்போது எதை வளர்ப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. உருளையும் வெங்காயமும் வேண்டாம். அவை மாதக்கணக்கில் கெடாத பொருள்கள், கடையில் வாங்குவதே போதும். கீரை, மூலிகைத் தழைகள், சிறு தக்காளி, அவரை, வெண்டை என்று, பறித்த அன்றைக்கும் மூன்றாம் நாளைக்கும் ருசி வேறுபடுகிறவற்றுக்கே தொட்டியைக் கொடுங்கள். ஆறு வகையில் ஒவ்வொரு செடி வைப்பதைவிட, பிடித்த இரண்டு மூன்று வகையில் நாலைந்து செடி வைத்தால் உங்கள் "சேரவில்லை" என்ற குறை பாதி தீரும். முள்ளங்கியையும் கீரையையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதையுங்கள். முள்ளங்கி வளர்த்தால் இளம் இலையையும் எறியாதீர்கள், கீரையைப் போலவே வதக்கலாம். கடைக்கு வருவதற்குள் அந்த இலை வாடிவிடுவதால் பலர் அதை ருசித்ததே இல்லை.

ஓட்டை விழுந்த கீரையைத் தாராளமாகச் சாப்பிடலாம், நன்றாக அலசினால் போதும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முட்டைக் கூட்டமோ புழுவோ இருந்தால் கையாலேயே எடுத்துவிடலாம். செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியை வேகமான தண்ணீர் பீய்ச்சி உதிர்க்கலாம். அங்கே எறும்பு ஊர்ந்தால் அதையும் தடுக்க வேண்டும். அசுவினி சுரக்கும் இனிப்புநீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. கறுப்பாக, நீளமாக, ஆரஞ்சுப் புள்ளியோடு ஒரு புழு தென்பட்டால் கொன்றுவிடாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சாக இருக்கலாம், அசுவினியைத் தின்று தீர்ப்பது அதுதான். வேப்பெண்ணெய் கடைசி வழி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில் தேனீக்கள் போன பிறகு அடிக்க வேண்டும். இயற்கையானது என்பதற்காக அளவில்லாமல் அடித்தால் இலை கருகும்.

செலவு பற்றி: தொட்டியும் மண்ணும் வாங்குகிற முதல் ஆண்டில் வீட்டார் கணக்கு சரியாகவே இருக்கும். பிறகு குறைக்கலாம். காய்கறிக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு சேர்த்து மட்க விடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வருவதே சரியான ஈரம். நாற்றம் வந்தால் நீர் கூடிவிட்டது என்று அர்த்தம், காய்ந்த இலையை இன்னும் போடுங்கள். சில மாதங்களில் அடுத்த பருவத்துக்கான உரம் தயார். அவரை, தக்காளி விதைகளையும் நீங்களே எடுத்து வைக்கலாம். இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் மட்டும், அந்த விதையில் முளைக்கும் செடி தாய்ச்செடியைப் போலவே வராது.

வீட்டாரிடம் விலைக் கணக்குப் பேசி வாதாட வேண்டாம். பறிக்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். தானே பறித்த காய் தட்டுக்கு வரும்போது "ஏன் இந்தப் பாடு" என்ற கேள்வி எழுவதை நான் அதிகம் கண்டதில்லை. வெண்டைச் செடியின் சுணை சிலருக்குக் கையில் அரிப்பெடுக்கும், அதனால் கத்தரிக்கோலும் முழுக்கைச் சட்டையும் கொடுத்தே மாடிக்கு அனுப்புங்கள்.