1928 'லைஃப்' இதழில் செய்திப் படங்கள் ஏன் இல்லை?

நீங்கள் தேடி எடுத்த 1928 'லைஃப்', செய்திப் படங்களுக்குப் பெயர்போன அமெரிக்க வார இதழ் 'லைஃப்' அல்ல; அதே பெயருள்ள வேறு பத்திரிகை. 1883-இல் தொடங்கிய நகைச்சுவை இதழ் அது; கேலிச்சித்திரமும் துணுக்கும்தான் இருக்கும். அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஹென்றி லூஸ் 1936-இல் அந்தப் பெயரை விலைக்கு வாங்கித் தன் புகைப்பட வார இதழுக்கு வைத்தார். நூலகப் பட்டியலில் இரண்டும் ஒரே தலைப்பில் கலந்திருக்கலாம்.

அட்டையைப் பாருங்கள். 1936 நவம்பர் 23 தேதியிட்ட லூஸின் முதல் 'லைஃப்' அட்டையில் மார்கரெட் போர்க்-வைட் எடுத்த ஃபோர்ட் பெக் அணைப் படம் இருக்கும். அதற்கு முந்தியதெல்லாம் பழைய லைஃப்.

1928-இன் செய்திகளுக்கு 'டைம்' என்ற செய்தி வார இதழை எடுங்கள். லூஸும் பிரிட்டன் ஹேடனும் 1923-இல் தொடங்கியது. நாளிதழ்களை முழுக்கப் படிக்க நேரமில்லாதவர்களுக்காக வாரச் செய்திகளைச் சுருக்கித் தந்தது. அக்கால அமெரிக்க நடுத்தர வர்க்கம் உலகத்தை எப்படிப் பார்த்தது என்பதற்கு அருமையான ஆதாரம். ஆனால் கட்டுரைகளில் பெரும்பாலும் எழுதியவர் பெயர் இருக்காது, செய்தியோடு ஆசிரியர் குழுவின் கருத்தும் கலந்து வரும். அதே வார நாளிதழ் ஒன்றோடு ஒப்பிட்ட அப்புறம் மேற்கோள் காட்டுங்கள்.